"எனக்கு மட்டும் ஏன் இப்படி எரிகிறது?"

வாசகர் கடிதம் (சுருக்கப்பட்டது)

வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வீட்டில் கணவர், ஐந்து வயது மகன், அத்தை. சின்ன வயதில் இருந்தே எனக்கு எல்லாமே அளவுக்கு மீறித்தான் வரும். சிரித்தாலும் அதிகம், அழுதாலும் அதிகம், கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "இவளுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகைதான்" என்று அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள்.

போன மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற வேலை. நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. மதியம் டீயும் பன்னும்தான். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வந்து மகனைக் கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன கணவர் ஒன்பதரைக்குத்தான் வந்தார். பதினோரு தடவை போன் செய்தும் எடுக்கவில்லை. வாசலிலேயே சத்தம் போட்டேன். "இப்படிக் கத்துனா எந்தப் புருஷன் நேரத்துக்கு வீட்டுக்கு வருவான்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றார் அத்தை. கையில் இருந்த தட்டை விட்டெறிந்தேன். சுவரெல்லாம் சோறு. மகன் பீரோ ஓரமாகப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் இரவு இரண்டு மணி வரைக்கும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு அழுதேன். என் கையை நானே காயப்படுத்திக்கொண்டேன். இதற்கு முன்பும் சில முறை அப்படிச் செய்திருக்கிறேன். செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றும். அதற்கடுத்த ஒரு வாரம் அவர் சரியாக ஏழு மணிக்கு வந்தார்.

கோவையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். சீட்டில் 'பார்டர்லைன்' (உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிக்க வைக்கும் ஒரு ஆளுமைக் கோளாறு) என்று எழுதி, 'டிபிடி' பயிற்சி எடுக்கச் சொன்னார். நெட்டில் தேடினால் இப்படிப்பட்டவர்களோடு குடும்பம் நடத்தவே முடியாது என்று போட்டிருக்கிறது. தியான வகுப்புக்கும் போய்ப் பார்த்தேன். கண்ணை மூடினாலே படபடப்பு. நான் கெட்டவளா? டிபிடி என்றால் என்ன? எனக்கு அது உதவுமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்:

வணக்கம்மா.

செத்துவிடலாம் என்று தோன்றும் என ஒரு வரி எழுதிவிட்டு, உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. இதைப் படிக்கிற நேரத்திலும் அந்த எண்ணம் இருந்தால், எப்படி என்று யோசிக்கிற அளவுக்குப் போயிருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை. இலவசம், இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பேசக்கூட முடியாத நிலை என்றால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் நிறையப் பேர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டியது அரசின் கடமை என்றும் சொல்கிறது. கையைக் காயப்படுத்தப் பயன்பட்ட பொருளையும், வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் கணவரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் தட்டை எறிந்ததால் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது, அது நடக்கக் கூடாத விஷயம். இந்த இரண்டையும் நான் முழு மனதோடு சொல்கிறேன். ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. டிபிடி என்ற சிகிச்சையின் உயிர்நாடியே இதுதான். தமிழில் இதை இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். எதிரெதிராகத் தெரியும் இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பிடிக்கும் முறை என்று புரிந்துகொண்டால் போதும். 'இன்றைய நிலையில் என்னால் முடிந்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்' என்பது ஒரு உண்மை. 'இதைவிட நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்' என்பது இன்னொன்று. உங்களுக்கு இதுவரை கிடைத்த புத்திமதியில் இரண்டாவது மட்டும்தான் இருந்திருக்கிறது. முதலாவதைச் சொல்ல ஆள் இல்லை.

இந்த முறையை உருவாக்கியவர் மார்ஷா லினெஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தற்கொலை எண்ணத்தோடும் உடலெங்கும் தழும்புகளோடும் வந்த பெண்களுக்கு அவர் ஆரம்பத்தில் வழக்கமான நடத்தைச் சிகிச்சையைத்தான் கொடுத்தார். இதை மாற்று, அதை மாற்று என்றதும், எல்லாத் தப்பும் என் மேல்தானா என்று அவர்கள் கொதித்துப் போனார்கள். சரி, உன் வலி எனக்குப் புரிகிறது என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் நான் இப்படியே கிடக்க வேண்டியதுதானா என்று உடைந்தார்கள். இரண்டையும் ஒரே அமர்வில், மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. ஏற்றுக்கொள்வதைக் கற்பிக்க ஜென் என்ற பௌத்தத் தியானப் பயிற்சியில் இருந்து எடுத்துக்கொண்டார், மாற்றத்தைக் கற்பிக்க நடத்தை அறிவியலில் இருந்து எடுத்துக்கொண்டார். முதல் ஆய்வு 1991-லும், சிகிச்சை முறையை விளக்கும் நூல் 1993-லும் வெளிவந்தன.

2011-ல், தன் 68-ஆவது வயதில், லினெஹன் ஒரு மேடையில் தன் கதையைச் சொன்னார். 17 வயதில் அவரே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 26 மாதங்கள் அங்கே இருந்தவர். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை நிறுத்த முடியாமல் நீண்ட நாட்கள் தனியறையில் வைக்கப்பட்டவர். இந்த நரகத்தில் இருந்து நான் வெளியே வருவேன், வந்த பிறகு திரும்பிப் போய் மற்றவர்களையும் வெளியே கொண்டுவருவேன் என்று அந்த வயதில் சபதம் எடுத்துக்கொண்டவர். அவர் சொன்ன அந்த மேடையும் அதே மருத்துவமனையில்தான் இருந்தது. உங்களைப் போன்ற பெண்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். நீங்கள் கற்கப்போகும் பயிற்சிகளை யோசித்து எழுதியவர் அந்த எரிச்சலை உள்ளே இருந்து அறிந்தவர்.

'எரிகிறது' என்கிறீர்கள், லினெஹனும் தீயைத்தான் உவமையாகச் சொல்லியிருக்கிறார். உடம்பு முழுவதும் தீக்காயம் பட்டவர்போல இவர்கள் வாழ்கிறார்கள், உணர்ச்சிகளுக்கு மேல் தோலே இல்லை, லேசாகத் தொட்டாலும் துடித்துப்போகிறார்கள் என்பார். சிலர் பிறவியிலேயே அப்படி. சின்ன விஷயமும் அவர்களைச் சட்டென்று தொட்டுவிடும், தொட்டால் உச்சிக்கே ஏறும், ஏறினால் இறங்க வெகுநேரம் ஆகும். மூன்றாவது முக்கியம். மற்றவர் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவது உங்களுக்கு மறுநாள் காலையிலும் கனன்றுகொண்டிருக்கும். அது அணைவதற்குள் அடுத்தது வந்துவிழும்.

அப்படிப் பிறந்த குழந்தையிடம் 'எதுக்கெடுத்தாலும் அழுகை' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? தன் உணர்ச்சியைத் தானே நம்பக் கூடாது என்று அது கற்றுக்கொள்கிறது. லேசாக அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கத்தினால்தான் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. உங்கள் அம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சாதாரணத் தோல் உள்ள குழந்தையை வளர்க்கத்தான் அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டிபிடி-யில் இதைச் சங்கிலி ஆய்வு என்போம். சிகிச்சையில் மிகவும் சலிப்பான வேலை இதுதான், மிகவும் பலன் தருவதும் இதுதான். உங்களை என் முன்னால் உட்கார வைத்திருந்தால் தட்டில் இருந்து ஆரம்பிக்க மாட்டேன். காலையில் இருந்து ஆரம்பிப்பேன். நாலு நாள் தூக்கம் இல்லை. மதியம் டீயும் பன்னும். அதாவது ஏழு மணிக்கு முன்பாகவே உங்கள் உடம்பு பாதி வழி ஏறிவிட்டது. ஏழரைக்கு முதல் போன். அவர் எடுக்காதபோது மனதுக்குள் ஓடிய வாக்கியம் என்ன? அதை நீங்கள் எழுதவில்லை. 'வண்டியில் ஏதாவது ஆகிவிட்டதோ' என்றா, 'என்னை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை' என்றா? இரண்டும் வேறு வேறு கண்ணிகள். முதலாவது பயத்துக்குப் போகும், இரண்டாவது அவமானத்துக்குப் போகும். ஐந்தாவது போனுக்கும் ஆறாவது போனுக்கும் நடுவில் உடம்பில் எங்கே என்ன செய்தது? தாடை இறுகியதா, காது சூடானதா? மகன் அப்போது என்ன கேட்டுக்கொண்டிருந்தான்? அத்தை பேசியது சங்கிலியின் கடைசிக்குப் பக்கத்துக் கண்ணி. அவர் பேசாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு ஏதோ ஒன்று பறந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சங்கிலி தட்டோடு முடியவில்லை. அதற்கடுத்த ஒரு வாரம் அவர் ஏழு மணிக்கே வந்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். தட்டு வேலை செய்துவிட்டது, அம்மா. நீங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கிறதோ அது வேரூன்றும். மெதுவாகக் கேட்ட நாட்களில் கிடைக்காதது கத்திய நாளில் கிடைத்தால், உங்கள் மூளை எதைக் கற்றுக்கொள்ளும்? ஆகவே மாற வேண்டியவர் நீங்கள் மட்டும் இல்லை. அதைப் பின்னால் உங்கள் கணவருக்கே எழுதுகிறேன்.

அத்தை சொன்ன பழமொழிக்கு வருவோம். அவர் திட்டாகத்தான் சொன்னார், அது வலித்திருக்கும். ஆனால் உடம்பின் கணக்கில் அது சரியான தகவல். ஆத்திரம் உச்சத்தில் இருக்கும்போது நிதானமாக எடைபோடும் திறன் உண்மையிலேயே மட்டுப்படுகிறது. அந்த நேரத்தில் 'பொறுமையாக இரு', 'நல்லதை நினை' என்பதெல்லாம் காதில் விழாது. தியான வகுப்பில் கண்ணை மூடியதும் படபடத்ததற்கும் ஓரளவு இதுதான் காரணம். எரிகிற உடம்போடு உங்களைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிட்டது. எனவே டிபிடி-யில் வரிசை வேறு: முதலில் உடம்பை இறக்கு, புத்தி தானாகத் திரும்பும், யோசிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

உடம்பை இறக்க மிக வேகமான வழி குளிர்ந்த நீர். ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, ஃப்ரிட்ஜில் இருந்து நாலைந்து ஐஸ் கட்டி போடுங்கள். நன்றாகக் குளிர்ந்திருந்தால் போதும், கை மரத்துப்போகும் அளவுக்கு வேண்டாம். திருப்பூர் வெயிலில் குழாய்த் தண்ணீர் இதற்கு உதவாது. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கன்னம் வரை நனையும்படி முகத்தை அதில் வையுங்கள். பதினைந்தில் இருந்து முப்பது நொடி. எடுத்து மூச்சுவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு முறை. தண்ணீருக்குள் மூழ்கும்போது இதயத் துடிப்பைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஒரு அனிச்சைச் செயல் பாலூட்டிகளின் உடம்பில் உண்டு. நாம் அதைத்தான் தட்டி எழுப்புகிறோம். மனசு ஒத்துழைக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. பாத்திரத்துக்கு நேரம் இல்லை என்றால், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் மேல் வைத்து, குனிந்து மூச்சைப் பிடித்தாலும் போதும். ஒரு எச்சரிக்கை: இதய நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சாப்பிடாமலேயே மிகவும் மெலிந்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. பதட்டத்துக்கென்று கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையும் அந்த வகைதான். உங்கள் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மொட்டை மாடிப் படியில் நாலைந்து தடவை வேகமாக ஏறி இறங்குவது இன்னொரு வழி. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குவதும் உதவும்: உள்ளே நாலு எண்ணினால் வெளியே ஆறு. இதெல்லாம் பிரச்சினையைத் தீர்க்காது. ஏழு மணிக்கு வராத கணவர் அப்போதும் வந்திருக்க மாட்டார். நிலைமையை மேலும் மோசமாக்காமல் அந்த இருபது நிமிடத்தைக் கடத்துவது ஒன்றுதான் இவற்றின் வேலை. கையைக் காயப்படுத்தத் தோன்றும் நேரத்துக்கும் இதே கருவிகள்தான். அது உங்களுக்குச் சில நிமிட நிம்மதி கொடுத்திருக்கும். அதனால்தான் திரும்பவும் தோன்றுகிறது. அந்த நிம்மதியை வேறு வழியில் கொடுத்தால்தான் அதை விட முடியும், வெட்கப்படுத்தினால் விட முடியாது.

உடம்பு இறங்கிய பிறகு அடுத்த வேலை, வந்தது எது என்று பெயர் வைப்பது. உங்கள் கடிதத்தில் 'கோபம்' என்ற சொல்லைத்தான் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறீர்கள். நம் மொழியில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. எரிச்சல், ஆத்திரம், ஏமாற்றம், மனத்தாங்கல், ஏக்கம், அவமானம், பயம், பொறாமை எல்லாம் ஒன்றா? செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வந்தது பயமாக இருந்திருந்தால் அதற்குத் தேவை அவருடைய குரல். மனத்தாங்கலாக இருந்திருந்தால் அதற்குத் தேவை ஒரு பேச்சு. சரியான பெயர் கிடைத்தாலே சூடு கொஞ்சம் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். அப்புறம் நடந்ததையும் நாம் நினைத்துக்கொண்டதையும் தனித்தனியாக எழுத வேண்டும். 'போன் எடுக்கவில்லை' என்பது நடந்தது. 'என்னை மதிக்கவில்லை' என்பது நாம் போட்ட அர்த்தம். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் சரிபார்த்த பிறகுதான் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

தியானம் எனக்கு ஒத்துவரவில்லை என்று டிபிடி-யை விட்டுவிடாதீர்கள். இதில் மனவிழிப்புப் பயிற்சி உண்டு, ஆனால் கண்ணை மூட வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் சூடு, சோப்பு நுரை, எவர்சில்வர் வழுக்குவது. இவ்வளவுதான் கவனம். நினைப்பு வேறெங்கோ ஓடினால் திரும்பக் கொண்டுவந்து அந்தத் தம்ளரில் வைக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும்.

இரவு இரண்டு மணி வரை மன்னிப்புக் கேட்டதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைப் படித்தபோதுதான் எனக்கு அதிக வருத்தமாக இருந்தது. குற்ற உணர்ச்சி நியாயமானதுதான். ஆனால் பத்தாவது முறை கேட்கும் மன்னிப்பு, மற்றவர்கள் உங்களைத் தேற்ற வேண்டிய வேலையாகிவிடுகிறது. உங்களுக்கோ கையைக் காயப்படுத்தும் இடத்துக்கு அது ஒரு படிக்கட்டாகிவிடுகிறது. மன்னிப்பு ஒரு முறை, தெளிவாக. அதன்பிறகு சரிசெய்யும் வேலை. சுவரை நீங்களே துடையுங்கள். மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அம்மா கத்துனதும் தட்டை எறிஞ்சதும் அம்மா தப்பு. உன் தப்பு இல்ல சாமி. நீ பயந்துட்டே இல்ல? அம்மா கத்தாம இருக்கக் கத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். 'இனிமேல் கத்தவே மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டாம். காப்பாற்ற முடியாத சத்தியம் குழந்தைக்குக் கத்தலைவிட அதிகக் குழப்பம். சொன்ன பிறகு அவன் விளையாடக் கூப்பிட்டால் போய் விளையாடுங்கள். அழுதுகொண்டே இருக்காதீர்கள்.

கணவரிடம் பேச ஒரு நல்ல நேரம் பாருங்கள். இருவரும் சாப்பிட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாதிரி. நடந்ததைச் சொல்ல வேண்டும், உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், அதனால் அவருக்கு என்ன நல்லது என்றும் சொல்ல வேண்டும். இப்படி:

"ஏனுங்க, அன்னைக்கு ஏழு மணிக்கு வர்றேன்னு சொன்னீங்க, ஒன்பதரைக்கு வந்தீங்க. நடுவுல கூப்பிட்டா எடுக்கல. ஏதாவது ஆயிருக்குமோன்னு எனக்குப் பயமாப் போச்சு. இனிமே அரை மணிக்கு மேல லேட்டாகும்னா ஒரு மெசேஜ் மட்டும் போடுங்க. 'லேட்'டுனு ரெண்டெழுத்து போதும். அது வந்துட்டா நானும் திரும்பத் திரும்பக் கூப்பிட மாட்டேன்."

'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்ற வாக்கியம் இதில் எங்கேயும் இல்லை, கவனியுங்கள். அவர் பேச்சை மாற்றினால் பழைய கணக்கை எடுக்காமல் அதே கோரிக்கையைத் திரும்பச் சொல்லுங்கள். முதல் முறை சொதப்பலாம். கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கணவருக்கு: தம்பி, இந்தப் பத்தியை மட்டும் நீங்கள் படியுங்கள். மனைவியின் உணர்ச்சியை ஏற்றுக்கொள்வது வேறு, அவர் செய்ததை ஏற்றுக்கொள்வது வேறு. "தட்டை எறிஞ்சது தப்புதான். ஆனா அவ்வளவு நேரம் போன் எடுக்கலைன்னா யாருக்கும் பதட்டமாத்தான் இருக்கும்." இரண்டு பாதியையும் சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் சொன்னால் தீ, இரண்டாவதை மட்டும் சொன்னால் தட்டு மறுபடியும் பறக்கும். அவர் நிதானமாகக் கேட்கும் நாளில் செய்துகொடுங்கள், கத்திய பிறகு செய்யாதீர்கள். அவர் உச்சத்தில் இருக்கும்போது வாதம் வேண்டாம், வீட்டைவிட்டுக் கிளம்பியும் போகாதீர்கள். "இருபது நிமிஷம் கழிச்சுப் பேசலாம், நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு மகனைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போங்கள்.

உங்களிடம் தனியாக ஒரு கேள்வி, அம்மா. கடிதத்தில் இல்லை, ஆனால் கேட்காமல் விட முடியாது. வீட்டில் யாராவது உங்கள் மேல் கைநீட்டுகிறார்களா? அப்படி இருந்தால் இந்த ஆத்திரத்தின் கணக்கே வேறு. பொறுத்துக்கொள்ளும் பயிற்சியை அதற்கு மருந்தாக நான் சொல்ல மாட்டேன். பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது.

'பார்டர்லைன்' என்ற சொல்லைப் பற்றி. சீட்டில் எழுதியதை வைத்து நான் நோய் கணிக்கக் கூடாது. எழுதிய மருத்துவரிடமே அடுத்த முறை, அது சந்தேகமா, உறுதியான கணிப்பா, எதை வைத்து என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நெட்டில் நீங்கள் படித்தது பெரும்பாலும் காயப்பட்ட யாரோ கோபத்தில் எழுதியது. ஆய்வுகள் வேறு சொல்கின்றன. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் இந்தக் கணிப்போடு சேர்க்கப்பட்ட 290 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடிக்கும் அளவுக்கு நோய்க்குறிகள் தணிந்தன. வேலை, உறவு இரண்டிலும் நன்றாக நிலைபெற்றவர்கள் பாதிப் பேர்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிபிடி-யைப் பற்றி 2006-ல் வந்த ஒரு முக்கிய ஆய்வில் 101 பெண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். அனுபவமுள்ள வேறு நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், டிபிடி எடுத்தவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள் பாதியளவுதான். ஆக, உதவுமா என்ற கேள்விக்கு என் பதில்: உதவும் என்று நம்பிச் சேர நல்ல காரணம் இருக்கிறது.

முழுமையான டிபிடி என்பது வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத குழு வகுப்பு, நடுவில் தடுமாறினால் சிகிச்சையாளரைப் போனில் கேட்கும் வசதி. இப்படி ஏறக்குறைய ஒரு வருடம் போகும். நம் ஊரில் இது முழுமையாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு. ஆனால் இதன் பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கும் மருத்துவ உளவியலாளர்கள் இருக்கிறார்கள், ஆன்லைனிலும் பார்க்கிறார்கள். சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா, டிபிடி-யில் எங்கே பயிற்சி எடுத்தார், உயிருக்கு ஆபத்தான எண்ணம் வந்தால் அவரை எப்படித் தொடர்புகொள்வது. இரண்டு நாள் வகுப்பில் கோபத்தை ஒழித்துத் தருவதாகச் சொல்கிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்திலும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பார்டர்லைனுக்கு என்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது. மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ கொடுத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சேர்வதற்கு முன்பே இன்றிரவு ஆரம்பிக்க ஒன்று இருக்கிறது. மகனின் பழைய நோட்டில் ஒரு பக்கத்துக்குக் கட்டம் போடுங்கள். தினமும் தூங்கும் முன்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், மதியம் சோறு சாப்பிட்டேனா, இன்றைக்கு உச்சத்தில் வந்த உணர்ச்சி எது, பூஜ்யத்தில் இருந்து ஐந்துக்குள் எவ்வளவு, காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா, எந்தக் கருவியை எடுத்தேன். ஒரு வரி போதும். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் கைக்கு இது கஷ்டமாக இருக்காது. மாதக் கடைசி வாரத்தில் மதியச் சாப்பாட்டுக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அது மட்டும் என் கட்டாயம். முதல் முறை சிகிச்சையாளரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நாலு எட்டியும் எதையும் எறியாத ஒரு நாள் அதில் வந்தால், அந்தப் பக்கத்தை முதலில் திறந்து காட்டுங்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்பதில் இருந்துதான் அவர் ஆரம்பிப்பார்.